கடைசி வளையத்தில் அக்காவின் குரல்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் குண்டசாலை வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், வர இயலாமல் இந்த நினைவு மலரை அஞ்சலில் பெறுபவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பை அத்தான் என்னிடம் தந்தார்.

"நீதான் தெனமும் டயறி எழுதுறவன். முன்னுக்குப் பின் மாறாம எழுதுவ. ஆனா ஒண்ணு, யாரையும் அழ வச்சிராத. அவ இருந்த வீட்ல யாருடா அழுதது?" என்றார்.

அந்தக் கட்டளையை என்னால் இயன்றவரை மீறாமல் எழுதுகிறேன். நான் நேரில் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொன்னதைச் சொன்னதாகவும் பிரித்தே எழுதியிருக்கிறேன்.

அக்கா மடுல்கெல்லையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. அம்மா கொழுந்து பறித்தார். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அக்கா சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தும் மேலே படிக்கவில்லை. கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, என்னைப் படிக்க வைத்தார். இதைப் பெரிய தியாகமாக யாரும் பேசினால் அவருக்குப் பிடிக்காது. எனக்கு அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்த அன்று அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "நான் சேலை மடிச்சது போதும், இனி நீ ஃபைல் மடி."

உறவினர் சிலர், அக்கா வானொலியில் வேலை செய்ததால்தான் இசைத்தட்டுப் பைத்தியம் பிடித்தது என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. நடந்தது வேறு. அது நான் நேரில் கண்டதல்ல. அத்தான் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொன்னது.

அத்தான் குண்டசாலையில் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்து வந்தார். அக்கா வேலை செய்த புடவைக் கடை, பண்டிகைக் கால விற்பனைக்காக அவரை அழைத்திருந்தது. கடை வாசலில் மேசை போட்டு, பெட்டிகளை அடுக்கி, அவர் இசைத்தட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து ஒரு பெண் கையில் சேலையோடு வெளியே வந்தாராம்.

"அண்ணே, அந்தப் பாட்டு படுத்துக்கிச்சு. கொஞ்சம் எழுப்பி விடுங்க."

அத்தான் பார்த்தால், சின்னத் தட்டைப் பெரிய தட்டுக்குரிய வேகத்தில் சுழல விட்டிருக்கிறார். பாட்டு அரைத்தூக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. வாசலில் நின்ற சனம் எதையும் கவனிக்கவில்லை. பிளேயரைப் பக்கத்தில் நின்று கூடப் பார்த்திராத ஒரு பெண்ணுக்கு மட்டும் அது காதில் உறுத்தியிருக்கிறது.

"அன்னைக்கு எழுப்பி விட்டவதான். இன்னைக்கு வரைக்கும் என்னைத் தூங்க விடல," என்று அத்தான் முடிப்பார். அக்கா உடனே, "அண்ணேனு கூப்பிட்ட ஆளையே கட்டிக்கிட்டேன், அதையும் சொல்லுங்க," என்பார்.

கல்யாணமாகிச் சில ஆண்டுகளில் கசட்டும், பின்னர் சீடியும் வந்தன. ஒலிபெருக்கிக்காரர்கள் தங்கள் இசைத்தட்டுகளைப் பழைய சாமான்காரரிடம் நிறுத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். அக்கா அவற்றைப் போய் வாங்கி வந்தார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று பார்க்கவில்லை. உறையில்லாத தட்டுகளுக்கு மாவுப் பைக் கடதாசியில் உறை தைத்தார். வீட்டில் அலுமாரி நிறைந்து, கட்டிலின் கீழ் நிறைந்து, கடைசியில் குசினி அடுப்பு வரை வந்தபோது அத்தான், "ஒண்ணு நான் வெளிய போகணும், இல்ல தட்டு வெளிய போகணும்," என்றார். தட்டு வெளியே போயிற்று. கண்டி நகரில், ஒரு தையற்கடையின் மேல்மாடியில், செங்குத்தான மரப்படிகளின் உச்சியில் அக்காவின் கடை திறந்தது.

அந்தப் படிகளில் ஏறாத ஆள் கண்டியில் குறைவு என்று நான் மிகைப்படுத்த மாட்டேன். ஏறியவர்கள் திரும்பத் திரும்ப ஏறினார்கள் என்பதே உண்மை. பல்கலைக்கழக மாணவர்கள், ஓய்வுபெற்ற அஞ்சலதிபர் ஒருவர், பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று சும்மா ஏறிவந்து பஸ்ஸைத் தவறவிட்டவர்கள். கேட்டுப் பார்க்காமல் ஒரு தட்டையும் அக்கா விற்கமாட்டார். கேட்பவர் கதிரையில் உட்கார வேண்டும். ஒரு பக்கம் முடியும்வரை பேசக்கூடாது. பேசினால் ஊசியைத் தூக்கிவிட்டு, "நீங்க பேசி முடிங்க, அப்புறம் அவங்க பாடட்டும்," என்பார்.

ஒருநாள் ஒரு மாணவி கேட்டாள்: "ஆன்ட்டி, இங்க இருக்கிற எல்லாப் பாட்டும் பழசு. இப்ப கண்டியில பாடுறவங்க தட்டு ஒண்ணும் இல்லையா?" இல்லை. அப்படி ஒன்று யாரும் வெளியிடவே இல்லை. அன்று மாலை நான் கடைக்குப் போனபோது அக்கா எனக்குத் தேநீர்கூடத் தரவில்லை.

"தம்பி, ஒரு ரெக்கோட் அடிக்கணும்னா எங்க அடிப்பாங்க?"

நான் விசாரித்தேன். நாட்டில் அதற்கு வசதியில்லை. ஐரோப்பாவில் ஒரு சிறு தொழிற்சாலை, குறைந்த எண்ணிக்கையிலும் அச்சிட்டுத் தரும் என்று தெரிந்தது. மின்னஞ்சல் எழுதுவது என் பொறுப்பாயிற்று. உறையை வடிவமைப்பது அக்காவின் மகள் தர்ஷினியின் பொறுப்பு. ஒலிப்பதிவுக்குக் கண்டியில் சிறு ஸ்டூடியோ வைத்திருந்த ரிஸ்வான் வந்து சேர்ந்தார். ஊசிமுனை என்ற வெளியீட்டகம் இப்படித்தான் பிறந்தது. கல்யாண வீடுகளில் வாசிக்கும் ஒரு பேண்ட் குழுவின் தட்டு முதலில் வந்தது. பிறகு ஒரு சிங்கள வயலின்காரர், அவருக்குப் பிறகு இரண்டு கல்லூரி மாணவர்கள். எதுவும் எங்களைப் பணக்காரராக்கவில்லை. எதுவும் எங்களை மூழ்கடிக்கவும் இல்லை.

ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் இந்தக் குண்டசாலை வீட்டில்தான் நடந்தன. நீங்கள் இன்று உட்கார்ந்திருக்கும் இந்தச் சாப்பாட்டு அறைதான் ஸ்டூடியோ. கூரை உயரம், தரை சீமெந்து, குரல் கொஞ்சநேரம் நின்று போகும். அந்த நின்றுபோகும் சத்தம்தான் அக்காவுக்கு உயிர். கடைசிச் சுரம் முடிந்த பிறகும் அவர் கையை உயர்த்தும்வரை யாரும் அசையக்கூடாது, ரிஸ்வான் பதிவை நிறுத்தக்கூடாது. அப்படிப் பாட்டின் முடிவில் பதிவான வாலைப் பின்னால் வெட்டவும் கூடாது.

"இவ்வளவு வால் என்னத்துக்கு அக்கா? மாட்டுக்கும் இவ்வளவு இல்ல," என்று ரிஸ்வான் புலம்புவார்.

"மாடு ஈ ஓட்டுறதுக்கு வச்சிருக்கு. பாட்டு மூச்சு விடுறதுக்கு வச்சிருக்கு. நீ கை வைக்காத."

பாடுபவர்களோடு அக்கா ஒப்பந்தம் எழுதிக்கொண்டதில்லை. எத்தனை முறை சொன்னாலும் கேட்கவில்லை. வாய்ச்சொல் ஒன்று மட்டும் கொடுப்பார். எல்லாரிடமும் அதே சொல்: "உங்க தட்டுல என்னா இருக்கணும், என்னா இருக்கக்கூடாதுனு நீங்கதான் சொல்லணும். எங்க பக்கத்துல இருந்து யாரும் கை வைக்க மாட்டோம்."

இந்தச் சொல் மற்ற எவரையும் விடப் புஷ்பராணிக்கு முக்கியமாயிற்று.

புஷ்பராணி மடுல்கெல்லையில் முன்பள்ளி ஆசிரியை. பாட்டுகளைத் தானே எழுதித் தானே மெட்டமைத்துப் பாடுபவர். அக்கா அவரைச் சந்திப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் அவரைப் பாட வைத்துப் பதிவு செய்தார். வெளிவந்தபோது பாட்டின்மேல் கீபோர்ட் ஏறியிருந்தது. நடுவில் ஓர் ஆண் குரல் வேறு சேர்ந்து பாடியது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றோடு மைக்கைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தார். ஊர்க் கோயில் திருவிழாவில் அவர் பாடிக்கொண்டிருந்ததை அக்கா தற்செயலாகக் கேட்டார். மைக் இல்லாமல்தான் பாடினார். அதன் பிறகு கண்டிக்கும் மடுல்கெல்லைக்கும் இடையே அக்கா பஸ்ஸில் அலைந்ததை நான் அறிவேன். சிலமுறை நானும் கூடப் போனேன்.

"அக்கா, நீங்க நல்லவங்கதான். போன தடவை வந்தவரும் நல்லவராத்தான் இருந்தாரு," என்றார் புஷ்பராணி.

"சரி டீச்சர். நான் நல்லவ இல்லனே வச்சுக்கோங்க. சொன்ன சொல்லை மட்டும் பாருங்க. உங்க குரலுக்கு மேல வேற ஒரு குரல் ஏறினா, அந்தத் தட்டை நானே ஒடைக்கிறேன்."

கடைசியில் அவர் சம்மதித்தார். ஒரு சனிக்கிழமை, காலையிலிருந்து இந்த அறையில் பாடினார். வயிறு நிறைந்தால் குரல் கட்டும் என்று தேநீரைத் தவிர எதையும் தொடவில்லை. அக்காவுக்கு அது பெரிய வேதனை. மீன் குழம்பும் சோறும் ஆறிக்கொண்டிருக்க, குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முதல் பக்கத்துக்கு வேண்டிய கடைசிப் பாட்டு, பிள்ளையை முன்பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாயின் பாட்டு, மூன்று முறையும் சரிவராமல் நான்காவது முறை அப்படியே வந்து அமர்ந்தது. நான் சுவரோரம் இருந்தேன். குரல் கூரையில் தங்கி மெல்ல இறங்கியது. அக்கா கையை உயர்த்துவார் என்று எல்லாரும் பார்த்திருந்தோம். அவர் கையை உயர்த்தவில்லை. மகிழ்ச்சியில் தன் சட்டத்தையே மறந்து, வாசலில் நின்றபடி குரல் கொடுத்தார்:

"வாங்க, சாப்பிடலாம்!"

எல்லாரும் எழுந்தோம், சாப்பிட்டோம். அந்தக் குழம்பு இன்றும் நினைவிருக்கிறது.

அடுத்த சில வாரங்களில் அக்காவின் உடல்நிலை தெரியவந்தது. புற்றுநோய். அறுவைச் சிகிச்சைக்காக வைத்தியசாலையில் இருந்தபோதுதான் புஷ்பராணியின் பதிவு தொழிற்சாலைக்குப் போனது. அக்காவின் சட்டப்படி ரிஸ்வான் வாலை வெட்டாமல் அனுப்பினார். அங்கிருந்து மாதிரித் தட்டு வந்தபோது அக்கா வீட்டில் கட்டிலில் இருந்தார். வழக்கமாகக் கடையில், கையால் ஊசியை வைத்துக் கையால் தூக்கும் பிளேயரில் கேட்டுத்தான் மாதிரிக்குச் சம்மதம் சொல்வார். இம்முறை அத்தானின் பழைய பிளேயரில் கேட்டார். பக்கம் முடிந்ததும் அதன் கை தானாகவே எழுந்து திரும்பிவிடும். கடைசிச் சுரம் முடிந்தது, கை எழுந்தது, அக்கா சம்மதம் சொன்னார்.

இதை விளங்காதவர்களுக்காக ஒரு விளக்கம். இசைத்தட்டில் பாட்டு நீண்ட ஒரே வரியாக வெளியிலிருந்து உள்ளே சுற்றிச்சுற்றிப் போகிறது. முடிவில் ஊசி நடுவில் முட்டாமலிருக்க, கடைசி வரி தன்னையே சுற்றி வளையமாக மூடிக்கொள்ளும். நாம் தூக்கும்வரை ஊசி அந்த வளையத்திலேயே சுற்றும். பொதுவாக அதில் சத்தம் எதுவும் இருக்காது; தானாக எழும் கை அதுவரை போவதுமில்லை.

தட்டுப் பெட்டிகள் கண்டிக்கு வந்த நாள், அக்கா சிகிச்சைக்குப் பிறகு முதல்முறையாகக் கடைப்படிகளில் ஏறினார். இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கி ஏறினார். தர்ஷினி முதல் தட்டைப் பிரித்து வைத்தாள். அக்கா கதிரையில், நாங்கள் நின்றபடி. முதல் பக்கம் முடிந்தது. சற்று மௌனம். பிறகு ஒரு குரல்: வாங்க, சாப்பிடலாம்.

அத்தான் உடனே சாப்பாட்டுக் கரியரை எடுக்க எழுந்தார்.

வாங்க, சாப்பிடலாம்.

"வர்றேம்மா, வர்றேன்," என்று திரும்பியவர் அக்காவைப் பார்த்தார். அக்கா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாங்க, சாப்பிடலாம். வாங்க, சாப்பிடலாம்.

முதலில் சிரித்தது தர்ஷினி. பிறகு நான். கீழே தையற்கடைக்காரர் படியில் தலையை நீட்டி, "யாரைக் கூப்பிடுறீங்க, என்னையா?" என்று கேட்டதும் அத்தானும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஊசியைத் தூக்கினார். அவர் முகத்தைக் கண்டதும் எங்கள் சிரிப்பு நின்றது.

"டீச்சர்கிட்ட நான் என்னா சொன்னேன்?" என்றார்.

தட்டைப் பிளேயரிலிருந்து கையில் எடுத்தார்.

"வேற குரல் ஏறினா ஒடைக்கிறேன்னு சொன்னேன். ஏறியிருக்கு. என் குரலே ஏறியிருக்கு."

ரிஸ்வானை அழைத்தோம். அவர் வந்து, "வால்ல கை வைக்கக்கூடாதுனு நீங்கதானே சென்னீங்க அக்கா. வேணும்னுதான் வச்சீக்கிறீங்கன்டு நெனச்சேன்," என்றார். அதில் பிழை காண எவராலும் முடியவில்லை. நான் கணக்கு நிலவரத்தைச் சொன்னேன். அத்தனையையும் கழித்துவிட்டு மறுபடி அச்சிட்டால், ஊசிமுனை அத்தோடு மூடவேண்டியதுதான். அத்தான், "பாட்டு முடிஞ்ச பொறகுதானே வருது, பாட்டுக்கு மேல ஏறலியே," என்று வாதாடினார்.

"அதை நீங்க சொல்லக்கூடாது, நானும் சொல்லக்கூடாது. தட்டு அவங்களோடது," என்றார் அக்கா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புஷ்பராணி கடைக்கு வந்தார். அக்கா எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. "ஒரு பிழை நடந்திருக்கு டீச்சர். மொதல்ல கேளுங்க," என்று தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். பக்கம் முழுவதும் புஷ்பராணி கண்ணை மூடியிருந்தார். கடைசிப் பாட்டு முடிந்தது. அக்காவின் குரல் வந்தது. திரும்ப வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. புஷ்பராணி கண்ணைத் திறந்தார்.

"இது எப்ப நிக்கும்?"

"நாம தூக்கினாத்தான் நிக்கும்." அக்கா எழப் போனார்.

"இருங்க, தூக்காதீங்க."

அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். பிளேயர் எங்கள் எல்லாரையும் சாப்பிட அழைத்துக்கொண்டே இருந்தது. அக்கா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். எல்லாவற்றையும் உடைக்கத் தயார் என்றும் சொன்னார். அதன்பிறகு கடை இருக்குமா என்பதை மட்டும் சொல்லவில்லை. புஷ்பராணி அதை அத்தானின் முகத்தில் பார்த்திருக்க வேண்டும்.

"அக்கா, போன தடவை எனக்கு எதுல கோவம் தெரியுமா? அந்த ஆம்பளக் குரலுக்குப் பேரே போடல. என்கூடப் பாடின ஆளு யாருனு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவரும் பாவம், அவரைக்கூடக் கேட்டாங்களோ என்னமோ." ஊசியின் பக்கம் கையைக் காட்டினார். "இது யாருனு எனக்குத் தெரியும். அன்னைக்குப் பசியில இருந்தேன். நீங்க கூப்பிட்டப்பதான் பாட்டு முடிஞ்சிச்சுனே எனக்குத் தோணிச்சு. இது இருக்கட்டும். ஆனா உறையில பேரைப் போடுங்க."

"ஐயோ டீச்சர், என் பேரெல்லாம் வேணாம்." ஊசிமுனை வெளியிட்ட எந்தத் தட்டிலும் அக்கா தன் பெயரைப் போட்டதில்லை.

"பேரில்லாம ஒரு குரல் என் தட்டுல இருக்காது. நீங்க குடுத்த வாக்குதான் அது. நான்தானே சொல்லணும்?"

அக்கா தன் சொல்லிலேயே மாட்டிக்கொண்டார். நான் அவரை வாதத்தில் தோற்கக் கண்டது அந்த ஒருமுறைதான். கடைசியில் ஒரு நிபந்தனையோடு தலையசைத்தார்: "இந்த மொதப் பதிப்புக்கு மட்டும்தான். மறுபடி அடிச்சா வெட்டிடணும். தம்பி, ஃபெக்டரிக்கு எழுதுறவன் நீ. சத்தியம் பண்ணு." செய்தேன்.

உறைகள் முன்பே அச்சாகி வந்திருந்ததால், கண்டியில் ஒரு ரப்பர் முத்திரை செய்வித்தோம். வாசகத்தைப் புஷ்பராணியே எழுதினார்: "சாப்பிடக் கூப்பிட்டவர்: அக்கா." கடைத் தரையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வோர் உறையாக முத்திரை குத்தினோம். அக்கா கதிரையில் இருந்து மேற்பார்வை. அத்தான் பல உறைகளில் தலைகீழாகக் குத்திவிட்டார்.

"ஒரு வேலை ஒழுங்கா செய்ய மாட்டீங்களா?"

"நீதான் எல்லாரையும் கூப்பிட்ட. தலைகீழா நிக்கிறவனும் சாப்பிட வரட்டுமே!"

தட்டு வெளிவந்த பின் கடைத் தொலைபேசி ஓயவில்லை. பாட்டுக்காகப் பலர் அழைத்தார்கள். தட்டு பழுது என்று முறையிடவும் சிலர் அழைத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பேசிய ஒருவரின் அழைப்பை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அவர் உரத்துப் பேசியதால் எல்லாம் கேட்டது.

"தங்கச்சி, உங்கட தட்டிலை ஏதோ பிழை கிடக்கு. பாட்டு நல்ல வடிவா முடியுது. பிறகு ஒரு மனுசி சாப்பிட வரச்சொல்லிக்கொண்டே நிக்கிறா. நிப்பாட்டுறா இல்லை."

"நீங்க வரல இல்ல, அதான் நிப்பாட்டல," என்றார் அக்கா.

அவர் பெரிதாகச் சிரித்தார். "ஓம், அப்ப வாறன்!"

சொன்னபடியே வந்தார். பாடசாலை விடுமுறையில் மனைவி மக்களோடு கண்டிக்கு வந்து, ஓலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டானோடு மரப்படிகளில் ஏறி, "சாப்பிட வரச்சொன்ன மனுசி நீங்களோ?" என்று கேட்டார். அக்கா அவர்களைக் குண்டசாலைக்கு அழைத்துவந்து உண்மையாகவே சாப்பாடு போட்டார். இன்றைக்கும் அந்தக் குடும்பம் வந்திருக்கிறது.

நோய் மறுபடி வந்தபோதும் அக்கா கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. படி ஏற முடியாத நிலையில், தையற்கடைக்காரர் கீழே ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார். வாடிக்கையாளர் மேலே போய்த் தட்டை எடுத்துவந்து அக்காவிடம் காட்டவேண்டும். "இதை ஏன் எடுத்தீங்க? அடுத்தது நல்லா இருக்குமே," என்று மறுபடி மேலே அனுப்புவார். கடைசி வாரங்களில் வீட்டில், கட்டிலில் இருந்தபடி, அத்தான் போடும் தட்டுகளைக் கேட்டார். ஒரு காலை, ஒரு பக்கம் முடிந்து கை தானாக எழுந்து திரும்பிய வேளையில், அவர் கண் மூடியே இருந்தார். நாங்கள் உறங்குகிறார் என்று நினைத்தோம். வலியின்றி, தன் வீட்டில், தன்னவர்கள் நடுவே இறைவனடி சேர்ந்தார்.

இறுதிக் கிரியைகளின்போது புஷ்பராணியின் தட்டைப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். அத்தான் வேண்டாம் என்றார். "அவ கூப்பிட்டா நான் எழும்பிப் போயிருவேன்," என்றார். அந்தத் தட்டு அன்று ஒலிக்கவில்லை.

சில மாதங்களில் அந்தத் தட்டு தீர்ந்துபோயிற்று. கொழும்பிலும் சென்னையிலும் உள்ள இசைத்தட்டுக் கடைகள் மேலும் கேட்டன. தர்ஷினி கடையைத் தொடர்ந்து நடத்துவது என்று முடிவெடுத்திருந்தாள். மறுபதிப்புக்கு நேரம் வந்தது. எனக்குச் சத்தியம் நினைவிருந்தது. தொழிற்சாலையோ, வாலை நீக்கிப் புதிய மூலத்தட்டு செய்து தர மேலதிகமாக எதுவும் கேட்கவில்லை. கடிதத்தை எழுதி முடித்தேன். அனுப்புவதற்குமுன் புஷ்பராணிக்குத் தகவல் சொல்வது முறை என்று அழைத்தேன்.

"வெட்டப் போறீங்களா?" என்றார்.

"அக்காவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன் டீச்சர்."

"அண்ணே, நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அக்கா எனக்கு வாக்கு குடுத்தது மொதல்லயா, நீங்க அக்காவுக்கு வாக்கு குடுத்தது மொதல்லயா?"

"உங்களுக்குக் குடுத்ததுதான் முதல்."

"என்னானு குடுத்தாங்க?"

நான் சொன்னேன். உங்கள் தட்டில் என்ன இருக்கவேண்டும், என்ன இருக்கக்கூடாது என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும், எங்கள் பக்கத்திலிருந்து யாரும் கைவைக்கமாட்டோம். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"நீங்களும் அவங்க பக்கம்தானே அண்ணே?"

"ஆமா."

"அப்ப கை வைக்காதீங்க."

முதலில் கொடுத்த சொல்லே நிற்கவேண்டும். அக்காவிடம் நான் செய்த சத்தியம், அக்கா கொடுத்த வாக்கை மீறினால்தான் நிறைவேறும் என்றால், அவரே அதை ஏற்கமாட்டார். எழுதிய கடிதத்தை அழித்துவிட்டு வேறு எழுதினேன். எதையும் வெட்டவேண்டாம். உறையில் மட்டும், முத்திரைக்குப் பதிலாக, அதே வாசகத்தை அச்சில் சேர்த்துவிடுங்கள். அத்தான், ஒரு மூலையில் தலைகீழாகவும் ஒன்றை அச்சிடச் சொல்லுமாறு கேட்டார். அதையும் எழுதினேன். மறுபதிப்பு கடந்த வாரம் வந்து சேர்ந்தது.

இனி நன்றி. அக்காவைக் கனிவோடு கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், வைத்தியசாலைக்கு ஏற்றி இறக்கிய முச்சக்கரவண்டித் தம்பிக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த குண்டசாலை அயலவர்களுக்கும், கீழ்க்கடையில் கதிரை போட்ட தையற்காரருக்கும், இரவு பகல் பாராமல் ஓடிய ரிஸ்வானுக்கும், மடுல்கெல்லையிலிருந்து கூட்டமாக வந்து தோள்கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. புஷ்பராணிக்கு நன்றி சொன்னால் அவர் கோபிப்பார், ஆகையால் சொல்லவில்லை.

கடைசியாக ஒருவர். தொழிற்சாலையில் மூலத்தட்டில் பாட்டின் வரியை வெட்டிப் பதிக்கும் கலைஞரை நாங்கள் கண்டதில்லை. அந்தக் குரலை ஏன் வளையத்துக்குள் வைத்தீர்கள் என்று பின்னர் எழுதிக் கேட்டேன். பாடியவரின் குரலோடு பொருந்திய ஒரு தாளம் அதில் இருந்தது, ஒரு சுற்றுக்கு அளந்ததுபோல் வந்தது, ஆகவே ஒரு சொல்லும் உடையாமல் பார்த்துப் பொருத்தினேன் என்று பதில் அனுப்பினார். தமிழ் அவருக்குத் தெரியாது. யாரோ யாரையோ சாப்பிட அழைக்கிறார்கள் என்பதும் தெரியாது. அது பாட்டின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்பும் கேட்டிருந்தார்.

அவருக்கு எங்கள் நன்றி. அவர் நினைத்தது சரி.